மே மாதத்துச் சேலத்தில் ஓவர்க்ளாக்கிங்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டரின் பிராசசரைக் கம்பெனி வைத்துக்கொடுத்த வேகத்துக்கு மேலே ஓட்டுவதற்குப் பெயர் ஓவர்க்ளாக்கிங். சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் என்பதால் கல்லூரிப் பிள்ளைகள் இதைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். "அண்ணா, எத்தனை கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகலாம்?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நான் திருப்பிக் கேட்பது, "கம்ப்யூட்டர் இருக்கிற ரூம் மொட்டைமாடிக்குக் கீழேயா, தரைத்தளத்திலா?" என்பதைத்தான். நம் ஊரில் இந்த வேலைக்கு வரம்பு கட்டுவது வெயில்.

முதலில் அடிப்படை. பிராசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். அதை மல்டிப்ளையர் என்கிற எண்ணால் பிராசசர் தனக்குள் பெருக்கிக்கொள்கிறது. மல்டிப்ளையர் 44 என்றால் 4.4 கிகாஹெர்ட்ஸ். 45 ஆக்கினால் 4.5. ஓவர்க்ளாக்கிங் என்று பெரிதாகப் பேசப்படுவதில் பாதி இவ்வளவுதான். 1998-இல் இன்டெலின் செலரான் 300ஏ வந்தபோது மல்டிப்ளையர் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆட்கள் அடிப்படைத் துடிப்பை 66-இலிருந்து 100-க்கு ஏற்றினார்கள். 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடியது. இன்றைக்கு அந்த அளவு லாபத்தை எதிர்பார்க்காதீர்கள். வேலை கூடும்போது வேகம் தானாக ஏறும் பூஸ்ட் என்ற பெயரில் கம்பெனியே சிப்பை அதன் எல்லைக்குப் பக்கத்தில் ஓட்டித்தான் விற்கிறது. நமக்கு மிச்சம் இருப்பது சில சதவீதம்.

எல்லாச் சிப்பிலும் இது நடக்காது. இன்டெல் என்றால் மாடல் எண்ணுக்குப் பின்னால் கே எழுத்து இருக்க வேண்டும், மதர்போர்டு இசட் வரிசையாக இருக்க வேண்டும். ஏஎம்டி ரைசனில் டெஸ்க்டாப் சிப்கள் பெரும்பாலும் திறந்தே வருகின்றன, பி450, பி550 போர்டுகள் போதும். வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வெப்பத்துக்கு வருவோம். சிப் வேலை செய்யும்போது தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகக் கூடும், வோல்டேஜோடு இருமடியாகக் கூடும். வேகத்தை 10 சதவீதம் கூட்டி, அந்த வேகத்தில் தடுமாறாமல் ஓடுவதற்காக வோல்டேஜையும் 10 சதவீதம் கூட்டினீர்கள் என்றால் 1.1-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 1.33 வரும். வேகம் பத்துக்கு வெப்பம் முப்பத்துமூன்று. அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டியது ரூமில் இருக்கும் காற்று.

ஃபேன் வைத்த கூலர் எதுவாக இருந்தாலும் சிப்பை ரூமின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ரூம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி சிப்பும் ஏறும். மார்கழி ராத்திரியில் ரூம் 24 டிகிரி, சிப் 78 என்றால், மே மாத மத்தியானம் ரூம் 36 ஆகும்போது அதே சிப் 90. ரைசன் 5 5600-க்கு அதுதான் உச்ச வரம்பு. அதற்கு மேலே போனால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கப் பார்க்கும். நாம் பாடுபட்டு ஏற்றிய வேகம் அங்கேயே போய்விடும்.

ஏற்காட்டில் வீடு, சேலத்தில் படிப்பு என்று இருக்கும் ஒரு மாணவர் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். மலையில் மாதக்கணக்கில் பிரச்சினையில்லாமல் ஓடிய செட்டிங். கோடையில் கீழே கொண்டுவந்து ரூமில் வைத்ததும் கேம் பாதியில் மூடிக்கொண்டது, சில நேரம் நீலத்திரை வந்தது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே காற்று நம் ஊரைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் மெல்லியது. அதனால் அதே ஃபேன் கொஞ்சம் குறைவாகத்தான் வெப்பத்தை அள்ளும். ஆனாலும் மலைக் குளிர்ச்சி அந்த நஷ்டத்தை ஈடுகட்டி மிச்சமும் வைக்கிறது. கீழே வந்ததும் அந்த மிச்சம் போய்விட்டது. சூடான சிலிக்கான் அதே வேகத்தில் தடுமாறாமல் நிற்க இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும். அது கிடைக்காதபோதுதான் கணக்கு தப்பி நின்றுபோகிறது. கேபினட்டைத் திறந்தால், கூலர் தகடுகளுக்கு நடுவில் தூசி படலமாக ஒட்டியிருந்தது. பிரஷ்ஷால் தள்ளியதும் முழுசாக உரிந்து வந்தது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, அதைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்துக் கூலரை மாட்டினேன். அதற்கே வெப்பம் கண்கூடாக இறங்கியது. இன்னும் பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் இடத்தில், கை வைக்கவில்லை.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் முறை இது. எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டி மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோ திறந்திருக்கட்டும், சிப்பின் வெப்பமும் வோல்டேஜும் அதில் தெரியும். அப்புறம் பயாஸில் மல்டிப்ளையரை ஒன்று மட்டும் கூட்டுங்கள், மறுபடி ஓட்டுங்கள். வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள். பல போர்டுகள் தேவைக்கு மேலேயே அள்ளிக் கொடுக்கும். சோதனையைச் சாயங்காலம் ஏசி போட்டுக்கொண்டு செய்யாமல் கோடை மத்தியானம் இரண்டு மணிக்குச் செய்யுங்கள். அந்த நேரத்தில் 85 டிகிரிக்குள் நின்றால் வருஷம் முழுக்க நிற்கும். நண்பனின் சிப் 4.7 போனது, நம்முடையது 4.5-இலேயே நின்றுவிட்டது என்று வருத்தப்பட வேண்டாம். ஒரே மரத்து மல்கோவாவிலும் காய்க்குக் காய் ருசி மாறும், ஒரே மாடல் சிப்பும் அப்படித்தான்.

சேலத்து வெயிலுக்கு இன்னொரு வழி பொருத்தம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேகத்தை ஏற்றாமல் வோல்டேஜைக் குறைப்பது, அதாவது அண்டர்வோல்டிங். 1.25 வோல்ட்டை 1.15 ஆக்கினால் அதே வேகத்துக்கு வெப்பம் சுமார் 15 சதவீதம் குறையும். ரைசன் 5000 சிப்களில் இதற்கென்றே கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி உண்டு. மைனஸ் 10-இல் தொடங்கிப் படிப்படியாக இறங்கலாம். வெப்பம் குறைந்தால் சிப்பே தன் பூஸ்ட்டை இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும். அந்த ஏற்காட்டு மாணவரின் கம்ப்யூட்டருக்கும் கடைசியில் இதைத்தான் செய்து கொடுத்தேன். ஆனால் இதிலும் அதிகம் இறங்கினால் தடுமாறும். சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் இரண்டு மூன்று படி மேலே வாருங்கள்.

வோல்டேஜ் விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சில தேவைக்கு அதிகமான வோல்டேஜ் வாங்கிக் கெட்டுப்போனது 2024-இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பயாஸ் அப்டேட் வந்தது, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்ட சிப்பை அப்டேட்டால் சரிசெய்ய முடியவில்லை. அங்கே வாரண்டி கிடைத்தது. நீங்களாக ஏற்றிக் கெடுத்த சிப்புக்குக் கிடைக்காது.

பயாஸ் அப்டேட் செய்யும்போது யுபிஎஸ் கட்டாயம். பாதியில் கரண்ட் போனால் போர்டே எழாமல் போகலாம்.

செட்டிங்கை மாற்றியதும் திரை கறுப்பாகவே இருந்தால் பதற்றம் வேண்டாம். பிளக்கைப் பிடுங்குங்கள். மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு சிஆர்2032 செல் இருக்கும். அதைக் கழற்றி ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி போட்டால் பயாஸ் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். கிராபிக்ஸ் கார்டு செல்லை மறைத்துக்கொண்டிருந்தால் முதலில் கார்டைக் கழற்ற வேண்டியிருக்கும். கார்டு செருகியிருக்கும் ஸ்லாட்டின் முனையில் இருக்கும் சின்னப் பூட்டை அமுக்கிக்கொண்டே இழுங்கள்.

நன்றி, வணக்கம்.