கடல் பனியின் படம் எத்தனை மணி நேரம் செல்லுபடியாகும்?

அனைவருக்கும் வணக்கம். ஒகேனக்கல் பரிசல் துறையில் அமர்ந்து இதைப் பதிவு செய்கிறேன். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து உயர்ந்ததால் இன்று பரிசல் இயக்கத் தடை; எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். பனி இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் காட்டும்போது கப்பல்கள் ஏன் இன்னும் சிக்குகின்றன என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். அதற்கு இன்று விடை சொல்ல முயல்கிறேன்.

2013 டிசம்பரில் அண்டார்டிகா அருகே அகாடமிக் ஷோகால்ஸ்கி என்ற கப்பலைப் பனி சூழ்ந்தது. உதவிக்குச் சென்ற சீனப் பனி உடைப்புக் கப்பலின் ஹெலிகாப்டர் 52 பேரை மீட்டது. பிறகு அந்தக் கப்பலும் சிக்கியது. காற்று திசை மாறிய பின்னரே இரண்டும் வெளியேறின.

கடல்நீரும் பனியும் வெளிவிடும் நுண்ணலைகள் வேறுபடுவதால், 1978 முதல் செயற்கைக்கோள்கள் மேகத்தையும் துருவ இரவையும் கடந்து பனிப்பரப்பை அளந்து வருகின்றன. ஆனால் அந்த வரைபடத்தின் ஒரு கட்டம் சுமார் 25 கிலோமீட்டர். கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீரும் திறந்த கடல்போலவே தோன்றிவிடும். செயற்கைக்கோள் எடுக்கும் ரேடார் படம் இதைவிடப் பன்மடங்கு துல்லியமானது. குறை என்னவென்றால், அது எடுத்த நொடியைத்தான் காட்டுகிறது.

1893-இல் ஃபிராம் கப்பலைப் பனியோடு மிதக்கவிட்ட நார்வே ஆய்வாளர் நான்சென், காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 2 சதவீதத்தில், வடதுருவத்தில் சற்று வலப்புறமாக விலகிப் பனி நகர்வதைக் கண்டார். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று வீசினால் ஒரு நாளில் 17 கிலோமீட்டர், அதாவது பென்னாகரத்திலிருந்து இந்தத் துறை வரையிலான தூரத்தைப் பனி கடந்துவிடும். நகர இடமின்றிக் கரையில் மோதும்போது பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிக்கின்றன. கப்பலைப் பிடித்து நிறுத்துவது இந்த அழுத்தம்தான். எந்தப் படமும் இதை நேரடியாகக் காட்டாது, காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டு கணக்கிட்டே அறிய வேண்டும்.

ஆகையால் முன்கணிப்பாளர்கள் காற்றைச் சிறிது சிறிதாக மாற்றிப் பலமுறை கணக்கிட்டு, எத்தனை முறை பனி வருகிறது என்று பார்க்கிறார்கள். அந்த வாய்ப்பளவு, படம் எடுத்த நேரத்தோடு கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படத்தில் பனியின் எல்லைக்கோட்டை மட்டும் கண்ட மாலுமி அதன் ஓரம்வரை துணிந்து போவார். பத்தில் மூன்று முறை அங்கே பனி வரும் என்று தெரிந்தால், எரிபொருள் கூடினாலும் சுற்றிப் போவதா என்று முதல் நாளே முடிவெடுப்பார்.