முட்டைக்கோஸ் வெட்டிய நள்ளிரவு

தலைமை ஏற்றிருக்கும் நூலகர் ஐயா அவர்களே, இந்த மாடியை வாடகை வாங்காமல் தந்த பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசிய தமிழாசிரியர் அவர்களே, பின்வரிசையில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளே, வணக்கம்.

1930-களில் தொழிலும் வேலையும் முடங்கிய பெருமந்தக் காலத்து அமெரிக்க வானொலி எப்படிப் பிழைத்தது, மர்ம நாடகம் எப்படிக் கைகொடுத்தது, விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று மூன்றையும் பேச வந்தேன்.

1933-ல் அங்கே நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. பிப்ரவரியில் மிச்சிகன் மாநில வங்கிகள் மொத்தமும் பூட்டிக் கிடந்தன. அந்த மாநிலத்து டெட்ராய்ட்டில் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். என்ற நிலையம், முந்தைய வருஷமே சி.பி.எஸ். என்ற வானொலி வலையமைப்பிலிருந்து விலகித் தனியே நின்றது. வெளியிலிருந்து நிகழ்ச்சி வராது. சொந்தமாக நாடகம் போட்டாக வேண்டும். ஃப்ரான் ஸ்ட்ரைக்கர் என்பவர் எழுதிக் குவித்தார். முகமூடி போட்டுக் குற்றவாளிகளைத் துரத்தும் பத்திரிகை அதிபரின் கதையான ‘கிரீன் ஹார்னெட்’ 1936-ல் அங்கேதான் பிறந்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்!

புல் என்றதும் சிகாகோ நினைவுக்கு வருகிறது. 1934 ஜனவரியில் டபிள்யூ.இ.என்.ஆர். நிலையத்தில் வில்லிஸ் கூப்பர் ‘லைட்ஸ் அவுட்’ என்ற திகில் நாடகத்தைத் தொடங்கினார். நள்ளிரவில் கால் மணி நேரம், விளம்பரதாரர் கிடையாது. ஒரு தலை துண்டாக வேண்டுமா? மைக் பக்கத்தில் முட்டைக்கோஸை வைத்து ஒரே வெட்டு. எலும்பு முறிய வேண்டுமா? இறைச்சிக் கடை விலா எலும்பு. மின்சார நாற்காலியில் ஒருவன் சாகிறானா? பன்றி இறைச்சித் துண்டு வாணலியில் சொர்ரென்று பொரியும். காட்சி ஜோடனைக்குக் காலணா செலவில்லை. இருட்டு வீட்டில் கேட்பவர் மனசே மிச்சத்தை வரைந்துகொள்ளும். மறுபடியும் சொல்கிறேன், வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.

ஆனால் அந்த வெட்டை இன்று நாம் கேட்க முடியாது. கூப்பர் காலத்து ஒலிப்பதிவுகள் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. நியூயார்க் வட்டாரத்தில் 1931-லிருந்து ‘விட்ச்சஸ் டேல்’ என்ற திகில் நாடகத்தை நடத்திய அலோன்சோ டீன் கோல், இனி யாருக்கு வேண்டும் என்று அதைப் பதிந்த இசைத்தட்டுகளில் பெரும்பகுதியைத் தானே அழித்துவிட்டார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டுப் பரணிலும், என் மாமா ரேடியோ நாடகம் பதிந்துவைத்த நாலு கேசட் இருந்தன. இரண்டில் வெள்ளைப் பூஞ்சை. நாடா ஒட்டிக்கொண்டு சுற்றவில்லை. மீதி இரண்டைக் கணினியில் ஏற்றிவிட்டோம். மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு கதவு கிறீச்சிடுகிறது, அவ்வளவு தெளிவு.

விளம்பரக்காரர்கள் கதை இன்னொரு நாளைக்கு. சரி, வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் பழைய கேசட் இருந்தால் பெயரையும் தெருவையும் எழுதுங்கள். ஓட்டிப் பார்க்க வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.