மேற்படியார் யார்?

(கானாடுகாத்தான் பட்டிமன்றம். தலைப்பு: ‘மறைந்த அப்பத்தாவின் நாட்குறிப்பு வீட்டுப் பெட்டிக்கா, ஊர்ப் பார்வைக்கா?’ ‘ஊர்ப் பார்வைக்கே’ அணியின் பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். வளவு நிறைய உக்காந்திருக்கிற ஆச்சிமார், அண்ணன்மாருக்கு வணக்கம். மணி அடிக்கிறவருக்குத் தனி வணக்கம். கொஞ்சம் பொறுத்து அடிங்க.

எதிரணி அண்ணன் என்ன சொல்லிட்டுப் போனார்? “அப்பத்தா நோட்டுல இருக்கிறது கத்தரிக்காய்க் கணக்கு. அதை ஊர் வரலாற்றோட சேத்து வச்சா, நாளைக்கு மளிகைக் கடைச் சீட்டுக்கும் கல்வெட்டு மரியாதை கேப்பீங்க!” நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லாத்தான் இருந்துச்சு.

ஆனா அண்ணே, கல்வெட்டுல மட்டும் என்ன இருக்கு? சோழர் காலத்துக் கோயில் சுவரைப் போய்ப் படிங்க. நந்தா விளக்குக்கு 96 ஆடு, தினம் ஒரு உழக்கு நெய். அது என்ன, காவியமா? அதுவும் கணக்குத்தான். ராசா வெட்டி வச்சா வரலாறு, அப்பத்தா எழுதி வச்சா கத்தரிக்காயா?

இங்கேருந்து கூப்பிடு தூரத்துல கோட்டையூர். ரோஜா முத்தையா செட்டியார் அங்க உக்காந்து புத்தகத்தோட கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸையும் சேத்து வச்சார். அன்னிக்கு அதைக் குப்பைன்னு சொன்னவங்களும் இருந்திருப்பாங்க. அந்தச் சேகரிப்பை சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994லேருந்து அது சென்னையில நூலகமா நிக்குது. நம்ம வீட்டுல? தேக்குத் தூணுக்குப் பழம்பொருள் கடையில விலை பேசுறோம், நோட்டைக் கிலோக் கணக்குல போடுறோம்.

சரி, கத்தரிக்காய்க்கே வர்றேன். ஒரு வீட்டுப் பேரன் ரெண்டாங்கட்டுப் பெட்டியிலேருந்து அப்பத்தா நோட்டை எடுத்தான். விஷு வருஷம், மார்கழி மாசம். படிக்கிறான்: “௸ கத்தரிக்காய் கால் வீசை 0-0-6. ௸ விளக்கெண்ணெய் 0-1-0.” வீசை அந்தக் காலத்து எடை. இந்த ௸ பாக்கிறதுக்கு ஷ மாதிரி சுழிச்சுக்கிட்டு இருக்குமா, தம்பி அதை ‘ஷை’ன்னு படிச்சான். ஷை கத்தரிக்காய். ஷை விளக்கெண்ணெய். பக்கத்துக்குப் பத்து ஷை! யாருடா இந்த ஷை? ஐயா, அதான் தாத்தா, ரங்கூன்ல கொண்டுவிக்க, தொழில் பண்ணப் போனவர். அப்ப அங்கேருந்து வந்த சீனாக்காரராத்தான் இருக்கணும்! குடும்ப வாட்ஸ்அப்ல போட்டுட்டான்: “நம் வீட்டில் ஷை என்ற சீனர் தங்கியிருந்தார். கத்தரிக்காய் விரும்பி உண்பார். அடிக்கடி விளக்கெண்ணெய் குடிப்பார்.”

அதோட விட்டானா? இன்னொரு பக்கத்துல 2-8-6. அதைத் தேதின்னு படிச்சுட்டான், 1906 ஆகஸ்டு 2! அப்பத்தா பிறக்கிறதுக்கு முன்னாடியே நோட்டு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அது ரெண்டு ரூபாய், எட்டணா, ஆறு பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை; நயா பைசா வந்தது 1957ல.

ஆனா தம்பி ஒரு நல்ல காரியம் பண்ணினான். பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போட்டிருந்தான். பள்ளத்தூர்ல ஒரு ஆச்சி, எண்பது தாண்டினவங்க, பாத்துட்டு ஒரே வரி அனுப்பினாங்க: “அடே, அது மேற்படிடா. மேலே சொன்னதுன்னு அர்த்தம். இங்கே அதே தேதி.” சீனாக்காரர் அந்த நிமிஷமே ஊரைக் காலி பண்ணிட்டார்!

பெட்டிக்குள்ளேயே வச்சிருந்தா, அண்ணே, இன்னும் மூணு தலைமுறைக்கு அந்தச் சீனாக்காரர் அந்த வீட்டுல சாப்பிட்டுக்கிட்டே இருப்பார்.

அதனாலதான் சொல்றோம். முதல்ல பக்கத்தோட படம். சன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். வெத்துப் பக்கத்தையும் எடுங்க. அதுக்குக் கீழே, எழுதினது எழுதினபடி, திருத்தாதீங்க. மூணாவதாத்தான் நம்ம விளக்கமும் ஊர்ச் செய்தியும். தமிழ் வருஷத்தை மாத்தும்போது கவனம். அறுபது வருஷத்துக்கு ஒரு விஷு வரும். 1881ஆ, 1941ஆன்னு உள்ள இருக்கிற சேதியைப் பாத்துத்தான் சொல்லணும். 1941ல பொறந்த விஷு வருஷத்து மாசி, 1942ல விழும். மார்கழி நடுவுலேயே இங்கிலீஷ் வருஷம் மாறிடும். கிழிஞ்ச தாளுக்கு செலோ டேப் ஒட்டாதீங்க, மஞ்சளாகி எழுத்தையும் சேத்துத் தின்னும். ராமபாணப் பூச்சியே தேவலை.

யார் வாங்கின கடன், எந்த வீட்டுச் சீர் குறைஞ்சதுன்னு வர்ற பக்கத்தை ஒதுக்கி வைங்க. அதுல சண்டை இல்லை.

இப்ப அந்த நோட்டுக்குப் பக்கத்துல ஊர் வரலாற்றை வச்சுப் பாருங்க. 1941 டிசம்பர் 23, ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போடுறான். அதே மார்கழி. நோட்டுல மாசாமாசம் வந்த ‘ரங்கூன் வரவு’ நின்னுபோச்சு. மார்ச் 8, ரங்கூன் விழுது. அது மாசிக் கடைசி. பர்மா அரிசி வர்றதும் நிக்குது. நோட்டுல அரிசி குறைஞ்சு கேழ்வரகு ஏறுது. சரித்திரப் புத்தகம் ‘பர்மா வீழ்ந்தது’ன்னு ஒரு வரியில முடிச்சிடும். செட்டிநாட்டு அடுப்படியில அது எப்படி விழுந்துச்சுன்னு இந்த நோட்டுத்தான் சொல்லுது.

பங்குனியில பக்கம் பக்கமா வெத்துத் தாள். நடுவுல ஒரே ஒரு வரி: “௸யார் கடுதாசி இல்லை.”

தம்பி மறுபடியும் பள்ளத்தூருக்கு அனுப்பினான். “ஆச்சி, மேலே யார் பேருமே இல்லையே. யாரு இந்த மேற்படியார்?” ரெண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் வந்துச்சு: “அப்பல்லாம் புருஷன் பேரை வாயால சொல்ல மாட்டோம். எழுதவும் மாட்டோம்.”

சித்திரபானு வருஷம், வைகாசி. கை நடுங்கின எழுத்து. “௸யார் வந்தார்கள். பாதி வழி நடந்து. கால் வீக்கம். கல்லுப்பு, விளக்கெண்ணெய்.”

அதுக்குக் கீழே, “௸ கத்தரிக்காய் 1 வீசை.”

அதுவரைக்கும் அந்த வீட்டுல கால் வீசைதான் அண்ணே.