ஆடிக்கு வராத பணம்

(தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில், கிராம மண்டபம் ஒன்றில் விவசாயிகள் கூடிய மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிற அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு நோட்டை மூடிப் பரணில் போட்டுவிடுவார். எனக்கு வாய்த்த வேலையோ முழுக்கக் கணக்கு. முப்பது வருடம் கருவூலத்தில் பில் பார்த்தேன். லீவு நாட்களில் அப்பாவோடு காட்டில் கடலைச்செடி பிடுங்கினேன். அரசாங்கப் பணம் புறப்படுகிற இடமும் எனக்குத் தெரியும், அது வந்து சேரவேண்டிய இடமும் தெரியும். நடுவில் எத்தனை நாள் போகிறது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

அரசாங்கத்துக்கு வருடம் ஏப்ரல் 1 அன்று பிறந்து மார்ச் 31 அன்று முடிகிறது. நமக்கு வருடம் மழையில் பிறக்கிறது. விஏஓ எழுதுகிற பயிர்ப் பதிவேடான அடங்கலைப் பாருங்கள், பசலி என்று போட்டிருக்கும். பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். அறுவடையை வைத்து அமைத்த ஆண்டு அது. அந்தச் சொல்லுக்கே விளைச்சல் என்றுதான் பொருள். நம்மிடம் வரி வாங்குவதற்கு நம் பருவத்தைப் பார்த்து ஒரு வருடத்தை வைத்தார்கள். நமக்குக் கொடுப்பதற்கு மட்டும் ஏப்ரல் மார்ச். வேலையில் இருந்த காலம் முழுக்க இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

சட்டமன்றத்தில் அமைச்சர் அறிவித்தவுடன் பணம் கிளம்பிவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பட்ஜெட் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அப்புறம் துறை துறையாகச் செலவுக்கு ஒப்புதல் கேட்கிற மானியக் கோரிக்கை விவாதம். தேர்தல் குறுக்கே வந்தால் அது ஜூனுக்குப் போகும். 2024-ல் அப்படித்தான் ஆனது. அது முடிந்த பிறகு திட்டத்துக்குத் திட்டம் அரசாணை வேண்டும். மத்திய அரசும் சேர்ந்த திட்டம் என்றால் பெரும்பாலும் அவர்கள் 60 பைசா, மாநிலம் 40 பைசா. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். போன தவணையைச் செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்று போனால்தான் அடுத்த தவணை வரும். வந்த பிறகு சென்னையில் இருக்கிற இயக்குநரகம் மாவட்டத்துக்கு இலக்கு பிரிக்கும், மாவட்டம் வட்டாரத்துக்குப் பிரிக்கும். வட்டாரத்தில் பயனாளி பட்டியல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம். எல்லாவற்றுக்கும் கடைசியில் பில். இதற்குள் ஆடி போய் ஆவணி, புரட்டாசி வந்திருக்கும்.

மார்ச் கடைசி வாரத்தில் கருவூலத்தில் நள்ளிரவு வரை விளக்கு எரியும். 31-ஆம் தேதிக்குள் எடுக்காத பணம் திரும்பிப் போய்விடும் என்பதால் எல்லாத் துறை பில்லும் ஒன்றாக வந்து குவியும். விதைக்கும் தெளிப்பானுக்கும் தார்ப்பாய்க்கும் உண்டான பில்களை அந்த இரவுகளில் பார்த்திருக்கிறேன். அது பங்குனி. நம் காட்டில் அப்போது புல்கூட இருக்காது. கணக்கில் அந்தத் திட்டம் நூற்றுக்கு நூறு நிறைவேறிவிடும்.

இதை நான் வீட்டிலும் அனுபவித்தேன். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். மானாவாரிப் பயிருக்கு ஏக்கருக்கு 3,000 ரூபாய் நிவாரணம் என்றார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிய முதல் வருடமும் அதுதான். அப்பா பிரீமியம் கட்டியிருந்தார். நிவாரணம், காப்பீடு இரண்டையும் நம்பிக் காத்திருந்தோம். தீவனம் இல்லை. மாசி மாதம் காரிமங்கலம் சந்தைக்கு இரண்டு கறவை மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனோம். ஊர் முழுக்க மாடு விற்க வந்திருந்ததால் பாதி விலைக்குத்தான் போனது. பணம் வராமல் போகவில்லை, வந்தது. மாடு போய், கடன் வட்டி ஏறி, அடுத்த விதைப்பும் முடிந்த பிறகு வந்தது. வங்கிப் புத்தகத்தில் பதிவு போட்டுக்கொண்டு வந்து அப்பா என்னிடம் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பணம் மாசிக்கு முன்னால் வந்திருந்தால் மாட்டைக் காப்பாற்றியிருக்கும். தொகை ஒன்றுதான், தேதி மாறியதால் அதன் மதிப்பே மாறிவிட்டது.

காப்பீட்டில் ஏன் தாமதம் என்று கேட்பீர்கள். காரீப் என்கிற மழைக்காலப் பயிருக்கு விவசாயி கட்டுவது 2 சதவீதம், ராபி என்கிற குளிர்காலப் பயிருக்கு ஒன்றரை, தோட்டக்கலை மற்றும் பணப்பயிருக்கு 5. மீதிப் பிரீமியத்தை மத்திய அரசும் மாநில அரசும் பிரித்துக் கட்டவேண்டும். அன்றைக்கு அதில் ஒரு பங்கு தாமதித்தாலும் இழப்பீடு நின்றது. விளைச்சலை அளக்கிற அறுவடைப் பரிசோதனைக் கணக்கு தாமதித்தாலும் நிற்கும். நாம் மட்டும் கடைசித் தேதிக்குள் கட்டிவிட வேண்டும்.

சரி, தேதியோடு பணம் கொடுக்க அரசாங்கத்துக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஒகேனக்கல்லில் நம் கண்ணெதிரே விழுந்து போகிற தண்ணீர் மேட்டூரில் நிற்கிறது. ஜூன் 12 அணை திறப்பு என்பது டெல்டாவில் குழந்தைக்கும் தெரிந்த தேதி. 2021-ல் குறுவைத் தொகுப்புத் திட்டம் அறிவித்தபோது, உரத்தையும் விதை மானியத்தையும் அந்தத் தேதியை ஒட்டியே திட்டமிட்டார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு மனக்குறை கிடையாது, அது நல்ல ஏற்பாடு. பென்னாகரத்துச் சாமைக்கும் அரூர்ப் பக்கத்துக் கடலைக்கும் அதே மாதிரி ஒரு தேதி வைக்கமுடியாதா? ஆடிப்பட்டம் எப்போது வரும் என்று பஞ்சாங்கம் பார்க்காதவர்களுக்கும் தெரியுமே.

இன்னொரு விஷயம், மொத்தத் தொகை. தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை 2021 ஆகஸ்ட் 14 அன்று முதன்முதலாக வந்தது. 2025-26-ல் அதன் மொத்தம் 45,661 கோடி. பெரிய தொகைதான், நம் தொழிலுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிச் சட்டமன்றத்தில் பேசுவதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தொகைக்குள் கால்நடை, மீன்வளம், கூட்டுறவு என்று பல துறைகள் இருக்கின்றன. இலவச மின்சாரத்துக்கு மட்டும் 8,186 கோடி. அது மின்வாரியத்துக்குப் போகிற பணம். மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு அது உயிர், அதைத் தொடவே கூடாது. சித்தேரி மலையில் சாமை விதைக்கிறவருக்குக் கிணறும் இல்லை, மோட்டாரும் இல்லை. அவர் பங்கு எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்க்கவேண்டும்.

தேடும்போது மூன்று கட்டங்களைப் பாருங்கள். வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அது ஆசை. திருத்த மதிப்பீடு, அது பாதி வருடம் போன பிறகு வருகிற யோசனை. கணக்கு, அதுதான் உண்மையில் செலவானது. மத்திய அரசின் உழவர் உதவித்தொகையான பிஎம் கிசான் திட்டத்துக்கு 2019-20-ல் முதலில் 75,000 கோடி வைத்தார்கள், திருத்த மதிப்பீட்டில் அது 54,370 கோடியாக இறங்கியது. செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வருவது முதல் கட்டம் மட்டுமே.

பிஎம் கிசான் பற்றிச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. தவணை நேராகக் கணக்குக்கு வருவதால், தேதி விஷயத்தில் மற்றவற்றைவிட இது பரவாயில்லை. தொகைதான் 2019-லிருந்து அசையவில்லை. அதை ராகியால் அளந்து பார்த்தேன். 2019-20-ல் ராகியின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,150 ரூபாய். 6,000 ரூபாய் என்பது 190 கிலோ ராகி. 2025-26-ல் விலை 4,886. அதே பணம் ஏறக்குறைய 123 கிலோ. வீட்டில் களி கிண்டுகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இன்னொன்று, பட்டா இருந்தால்தான் இந்தப் பணம். குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு தருகிற வாரத்துக்கோ ஓட்டுகிறவருக்குக் கிடையாது. மாமனார் பெயரில் பட்டா இருந்து, முழு வேலையும் மருமகள் செய்தாலும் அவருக்குக் கிடையாது. களை எடுத்த கைகளோடு இங்கே இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்பதை நான் நியாயம் என்று ஏற்கமாட்டேன்.

மாங்காய்க்கு வருகிறேன். 2025 சீசனில் பக்கத்து கிருஷ்ணகிரியில் பெங்களூரா ரக மாங்காய் கிலோ ஐந்து ரூபாய் அளவுக்கு விழுந்தது. பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் தேறாமல் மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. ஆந்திராவில் அதே காய்க்குக் கிலோ 12 ரூபாய் என்று வைத்து, மாங்கூழ் ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று பிரித்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். என் பதில் பட்ஜெட்டில் இருக்கிறது. மாங்காய்க்கு ஆதரவு விலை கிடையாது. விலை விழுந்தால் சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்று ஒன்று உண்டு. மாநிலம் கேட்கவேண்டும், நஷ்டத்தில் பாதியை மாநிலமும் ஏற்கவேண்டும். அந்தப் பாதிக்கு மார்ச் பட்ஜெட்டிலேயே பணம் எடுத்து வைத்திருந்தால் ஜூனில் கை ஓடும். இல்லையென்றால் கடிதம் எழுதி, பதில் வந்து, வருட நடுவில் போடுகிற துணை மதிப்பீட்டில் பணம் தேடுவதற்குள் காய் அழுகிவிடும். மத்தியிலும் நிலைமை பெரிதாக இல்லை. இந்தத் தலைப்புக்கு 2022-23-ல் 1,500 கோடி வைத்தவர்கள் 2023-24-ல் வைத்தது ஒரு லட்சம் ரூபாய். கணக்குத் தலைப்பு சாகாமல் இருக்க வைக்கிற தொகை அது. 2024-ல் வேறொரு பெரிய திட்டத்தோடு அதைச் சேர்த்தார்கள்.

நல்லபடியாக நடந்ததையும் சொல்லவேண்டும். 2022-23-ல் நம் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் ராகியை ஆதரவு விலைக்கு நேரடியாகக் கொள்முதல் செய்ய ஆரம்பித்தார்கள். அன்றைய விலை குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். 2023-லிருந்து தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுத்தார்கள். இங்கே விளைந்ததை வாங்கி இங்கேயே சாப்பிடக் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. பணம் அறுவடை நேரத்துக்கே வந்ததால் வியாபாரியும் விலையைக் கீழே இழுக்க யோசித்தார். பாலக்கோடு, அரூர்ப் பக்கத்துக் கரும்புக்கும் 2025-ல் ஓர் அறிவிப்பு வந்தது: அடிப்படை விலை டன்னுக்கு 3,151, மாநில ஊக்கத்தொகை 349, சேர்த்து 3,500. கரும்பு வெட்டி எத்தனை நாளில் இந்த 349 வரும் என்பதையும் அரசாணையிலேயே எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும்.

அடுத்த மாதம் கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் நாள். அதற்கு ஒரு மனு எழுதி வந்திருக்கிறேன். நீளமாக இல்லை, படிக்கிறேன்: "எங்கள் வட்டாரத்தில் மானாவாரி நிலக்கடலை, சாமை, ராகிக்குரிய விதை மற்றும் இடுபொருள் மானியம் கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக எவ்வளவு ஒதுக்கப்பட்டது? அந்த ஒதுக்கீடு மாவட்டத்துக்கு எந்தத் தேதியில் வந்தது? கடைசிப் பயனாளிக்கு எந்தத் தேதியில் கிடைத்தது?" இவ்வளவுதான். பதில் வராவிட்டால் இதே மூன்று கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் போடலாம், கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தரவேண்டும். மனுவை மேஜையில் வைக்கிறேன். பட்டா இல்லாதவர்களும் கையெழுத்துப் போடலாம், முதலில் அக்காமார்கள் வாருங்கள்.