கன்றுத்தோல் டிம்பனியும் ஒரு சமாதான வேண்டுதலும்

நேயர்களுக்கு வணக்கம். பீத்தோவன் எழுதிய 'மிஸ்ஸா சோலெம்னிஸ்' என்ற மாபெரும் திருப்பலி (கத்தோலிக்க வழிபாடு) இசையை அவர் காலத்து வாத்தியங்களில் வாசிப்பது பற்றிப் பேசப்போகிறேன்.

அவருடைய மாணவரும் புரவலருமான இளவரசர் ரூடால்ஃப் ஓல்மூட்ஸ் நகரின் பேராயராகப் பொறுப்பேற்ற விழாவுக்காக 1819இல் தொடங்கிய படைப்பு இது. விழா 1820 மார்ச்சில் முடிந்துபோனது. இசை முடிந்ததோ 1823இல். முழுமையாக முதலில் ஒலித்தது 1824 ஏப்ரலில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில்.

பாடகர்களின் தொண்டையைப் பற்றி பீத்தோவனுக்குக் கவலையே இல்லை என்ற குறை நெடுங்காலமாக உண்டு. அந்தப் பழியில் பெரும்பங்கு இன்றைய வாத்தியங்களைச் சேரும் என்பது என் கருத்து. உலோகத் தந்திகளும் வால்வு (ஸ்வரத்தை மாற்றும் விசை) வைத்த ட்ரம்பெட்டுகளும் பெருஞ்சத்தம் எழுப்ப, அதற்கு மேலே கேட்கவேண்டும் என்று பாடகர்கள் கத்தவேண்டியதாகிறது. ஆட்டுக்குடல் நரம்பு கட்டிய வயலின்களோடு பாடும்போது அந்த நெருக்கடி இல்லை. திருப்பலியின் புகழ்ப்பாடலான குளோரியாவின் முடிவில் நான்கு குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் இடத்தில் சொற்கள்கூடத் தெளிவாக விழுகின்றன. சுருதியையும் 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் பெரும்பாலும் 430இல் வைக்கிறார்கள். இந்த இறக்கம் அரை ஸ்வரத்தில் பாதிகூட இல்லைதான். ஆனால் திருப்பலியின் இன்னொரு பகுதியான விசுவாசப் பிரமாணத்தின் கடைசியில் திரும்பத் திரும்ப உச்சிக்கு ஏறும் சோப்ரானோக்களுக்கு (உயர்ந்த பெண்குரல்கள்) அதுவே பெரிய உதவி.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது கடைசிப் பகுதியான 'ஆக்னுஸ் தேயி' ('இறைவனின் ஆட்டுக்குட்டியே'). 'எங்களுக்குச் சமாதானம் தந்தருளும்' என்று பாடிக்கொண்டிருக்கும்போதே எங்கோ தொலைவில் டிம்பனி என்ற பெருமுரசு தொடங்குகிறது. பிறகு ட்ரம்பெட்டுகள். படை நெருங்கி வருகிறது! ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல்) பாடகி நடுங்கும் குரலில் இரக்கம் கேட்கிறார். 'அச்சத்துடன்' என்றே பீத்தோவன் அங்கே குறித்திருக்கிறார். 1809இல் நெப்போலியனின் பீரங்கிகள் வியன்னாவைத் தாக்கியபோது, தம்பி வீட்டு நிலவறையில் தலையணையால் தலையை மூடிக்கொண்டு கிடந்தவர் அவர். மாணவர் ரீஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பழைய டிம்பனியில் கன்றுத்தோல்தான். ஈரக்காற்று பட்டால் மிருதங்கத்தைப் போலவே அதுவும் சுருதி இறங்கும். வாசிப்பவர் அடிக்கடி காதைத் தோலருகே கொண்டுபோய்த் திருகாணியை முறுக்கிக்கொண்டிருப்பார். கடினமான குச்சியால் அடித்தால் ஒவ்வோர் அடியும் தனித்தனியாக, வறண்டு கேட்கும். ட்ரம்பெட்டில் வால்வு கிடையாது. குழாயின் நீளம் தரும் இயற்கை ஸ்வரங்கள் மட்டுமே. அதனால் அதில் போர்முனையின் முரட்டுத்தனம் இருக்கிறது. நவீன இசைக்குழுவில் இந்த இடம் கம்பீரமாக ஒலிக்கும். பழைய வாத்தியங்களில் பயமாக இருக்கிறது. பயம்தான் வரவேண்டும், அப்போதுதான் அந்த வேண்டுதல் வேண்டுதலாகக் கேட்கும்.

இசை நடத்துநர் ஜான் எலியட் கார்டினர் 1989இல் பழைய வாத்தியங்களில், மான்டிவெர்டி பாடகர் குழுவோடு செய்த பதிவு எளிதாகக் கிடைக்கிறது. அப்புறம் ஓட்டோ கிளெம்பரர் 1965இல் நவீன இசைக்குழுவோடு செய்த பதிவையும் கேளுங்கள். அதன் பிரம்மாண்டத்துக்கும் தனி மதிப்பு உண்டு. ஆக்னுஸ் தேயியை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்டாலே போதும். முதல் டிம்பனி சரியாகக் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். அவ்வளவு மெதுவாகத்தான் அதை எழுதியிருக்கிறார்.