வீங்கியது எது, உள்ளே போனது எது?

எல்லோருக்கும் வணக்கம். மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய கோட்பாடெல்லாம் எனக்கு வராது, அதனால் ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஸ்வெல். அர்த்தம் கேட்டால் 'வீங்கு' என்று தூக்கத்தில்கூடச் சொல்வோம். இதற்கு ரஷ்ய மொழியில் என்ன என்று அகராதியைத் திறந்தால் ஏழெட்டுச் சொற்கள் வரிசை கட்டி நிற்கும். படிக்கத் தொடங்கிய காலத்தில் நான் அவை எல்லாமே ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, எந்தச் சொல் வந்தாலும் 'வீங்கியது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் மாட்டிக்கொண்டேன். 'போச்கி நபூஹ்லி' என்று ஒரு வாக்கியம். போச்கா என்றால் சிறுநீரகம், அதுதான் எனக்குத் தெரிந்திருந்தது. 'சிறுநீரகங்கள் வீங்கின' என்று எழுதிக் கொடுத்தேன். திருத்தியவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. மரக்கிளையில் வரும் அரும்புக்கும் அதே சொல்தானாம். வசந்தம் வருகிறது, அரும்புகள் பருக்கின்றன, அவ்வளவுதான் விஷயம், நான் அங்கே ஒரு நோயாளியைப் படுக்கப் போட்டுவிட்டேன். "முதல் சொல் உன்னை ஏமாற்றியது சரி, இரண்டாவது சொல் காப்பாற்றியிருக்குமே, அதைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். நபுஹாத் என்பது ஈரத்தை உறிஞ்சிப் பருப்பது. விதை, அரும்பு, ஊறின பட்டாணி. சிறுநீரகத்துக்கு நோய் வந்தால் யாரும் அந்த வினையைத் தொடமாட்டார்கள்.

ஆங்கிலச் சொல் அளவை மட்டும் பார்க்கிறது. பெரிதானதா, ஸ்வெல். (அவர்களிடமும் வேறு சொற்கள் உண்டு, ஆனால் இந்த ஒன்றே கணுக்கால், ஆறு, கூட்டம், இசை, கர்வம் எல்லாவற்றுக்கும் ஓடிவரும்.) ரஷ்யன் பெரிதானதைப் பார்த்ததும் உள்ளே என்ன போனது என்று கேட்கிறான். அடிபட்டோ நோய் வந்தோ என்றால் ஒபுஹாத். கட்டிக்கு அவர்கள் சொல்லும் ஓபுஹல் இதிலிருந்து வந்ததுதான். உடம்பில் நீர் தேங்கினால் ஒத்தெகாத், அதன் வேர் 'ஒழுகுதல்'. காற்று புகுந்தால் நதுவாத்சா, அதன் வேர் 'ஊதுதல்'. பாய்மரத்துக்கும் பலூனுக்கும் அதுதான், கோபித்துக்கொண்டு கன்னத்தை உப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் அதுதான். நமக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. பருப்பு ஊறும், வயிறு உப்பும், நரம்பு புடைக்கும், முகம் அதைக்கும் என்று நாமும் பிரித்துத்தான் பேசுகிறோம், நடுவில் ஆங்கிலம் வழியாகப் போனால்தான் எல்லாம் வீக்கமாகிவிடுகிறது.

இதில் நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நபுஹாத்தில் வரும் 'பு' கம்பு என்பதில் வரும் பு. ஒபுஹாத்தில் வருவது புலி என்பதில் வரும் பு. ஒன்று ஈரம், இன்னொன்று நோய். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. என் பழைய குறிப்பேட்டில் இரண்டையும் கலந்து எழுதிவைத்துக் குழம்பியது ஒரு தனிக்கதை.

அப்புறம் முன்னொட்டுகள். 'ரஸ்' நாலாபக்கமும் பரவுவது. ஈரத்தில் கதவு பருத்து நிலையோடு இறுகிக்கொண்டால் அதை வைத்துச் சொல்வார்கள். 'வ்ஸ்' மேல்நோக்கி எழுவது. வெள்ளம் வந்த ஆறு, கழுத்து நரம்பு, முக்கியமாக டப்பா. கோடையில் விளைந்த காய்களைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைக்கும் வீடுகள் அங்கே ஏராளம், மூடி உப்பியிருந்தால் உள்ளே கிருமி வாயு கட்டியிருக்கிறது என்று அர்த்தம், திறந்து பார்க்காமல் குப்பையில் போட வேண்டியதுதான். தொழிற்சாலைக்காரர்கள் இதற்கு பம்பாஷ் என்று ஒரு பிரெஞ்சுச் சொல்லையே வைத்திருக்கிறார்கள்.

கடலுக்குப் போனால் ஸ்வெல் பெயர்ச்சொல்லாகிவிடும். எங்கோ தூரத்தில் அடித்த புயல் கிளப்பி, இங்கே காற்றே இல்லாதபோது உருண்டு வரும் நீண்ட அலை. நம் குமரிக் கரையில் திடீரென்று ஏறிவரும் கள்ளக்கடலுக்குக் காரணம் இதுதான். ரஷ்ய மொழியில் ஸிப். காற்று நின்ற பிறகும் ஆடினால் 'செத்த ஸிப்'. இதே வேரிலிருந்து ஸீப்கா என்று ஒரு சொல் உண்டு, தொங்கும் தொட்டில். இங்கே வீக்கமே காணாமல் போய், ஆட்டம் மட்டும் மிஞ்சுகிறது பாருங்கள்.

பேச்சு வழக்கில் இன்னும் வேடிக்கை. யோசித்து யோசித்துத் தலை வீங்கும். சிகரெட் பிடிக்காமல் வெகுநேரம் இருந்தால் காது வீங்கும். ஒருவன் ரொம்பத் துள்ளினால் "என்ன, வீங்கிட்டியா?" என்று கேட்பார்கள். நாம் "என்ன, கொழுப்பா?" என்று கேட்போமே, அச்சு அசல் அதுதான்.

சரி, இவ்வளவு நேரம் உள்ளே என்ன போனது என்று கேளுங்கள் என்றேன். அந்தக் கேள்வி உடைந்துபோகும் இடம் ஒன்று உண்டு. 'பூஹ்னுத் ஸ் கோலதூ', பசியில் வீங்குதல். இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று சொல்லும் லெனின்கிராட் நகரம், இரண்டாம் உலகப் போரில் 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை ஜெர்மன் படைகளின் முற்றுகையில் கிடந்தது. முதல் குளிர்காலத்தில், நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, அலுவலக ஊழியருக்கும் குழந்தைக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. புரதம் கிடைக்காத உடம்பில் ரத்தத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாது, அது கசிந்து காலிலும் முகத்திலும் தேங்கும். எதுவுமே உள்ளே போகாததால் வந்த வீக்கம்.

அந்தக் காலத்து நாட்குறிப்பில் ஒரு பெண்ணைப் பற்றி 'ஒபூஹ்லா' என்று மட்டும் எழுதியிருந்தால், ரஷ்ய வாசகருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. நம் வாசகர் 'வீங்கினாள்' என்று படித்துவிட்டு அடிபட்டதோ, குளவி கொட்டியதோ என்று நினைப்பார். நான் 'பட்டினியில் நீர்கோத்து வீங்கினாள்' என்றுதான் எழுதுவேன். மூலத்தில் ஒரு சொல், இங்கே மூன்று. யாராவது திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.