கோட்டையக் காப்பாத்தினது கச்சேரிதான்

நடுவர் ஐயாவுக்கும் முன்னால இருக்கிற அம்மாமார் அண்ணாமாருக்கும் வணக்கம். பழமையக் காப்பாத்துறது ஊர்ச்சனம்தான், அரசாங்கக் கந்தோர் இல்ல எண்டு எதிரணி அக்கா பேசி கைதட்டு வாங்கிட்டுப் போய்ட்டா, நானும் தட்டினன், பொய் சொல்லக்கூடா. ஆனா ஒண்டு கேக்கிறன், மட்டக்களப்பு புளியந்தீவுல நம்மட கோட்டை ஏன் இன்னும் நிக்கிது?

1628ல போத்துக்கீசர் கட்டினது, 1638ல ஒல்லாந்தர் புடிச்சாங்க, இலங்கையில அவங்க கையில முதல் விழுந்த போத்துக்கீசக் கோட்டை இதுதான், மறுகா 1795ல வெள்ளக்காரன். அதுக்குப் பிறகு உள்ளுக்க கச்சேரி, அதான் மாவட்டத்துட அரசாங்கக் கந்தோர், வந்துச்சு, காணி விசயம் பென்ஷன் விசயமெண்டு நம்மட சனம் அந்த வாசலால எத்தின வருசம் ஏறி இறங்கியிருக்கும்! கூரை ஒழுகினா கந்தோர்க்காரர் ஓடு மாத்துவாங்க, ஒல்லாந்தர்ல உள்ள பாசத்தால இல்ல ஐயா, ஃபைல் நனைஞ்சிரும் எண்ட பயத்தால. எனக்கு அது போதும். மன்னார்க் கோட்டையப் போய்ப் பாருங்க, மதில் இருக்கு, உள்ளுக்க கட்டடமெல்லாம் கூரையில்லாம வெறுஞ்சுவரா நிக்கிது. ஆள் புழங்காத வீடு என்னாகும் எண்டு உங்களுக்கு நான் சொல்லணுமா?

அடுத்தது சட்டம். 1940ம் ஆண்டு 9ம் இலக்க தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கு. அரசாங்கக் காணியில நிக்கிற, 1815 மார்ச் 2க்கு முந்தின கட்டடமெண்டா, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு முந்தினதெண்டா, திணைக்களத்துட அனுமதி இல்லாம ஆரும் கை வைக்க ஏலா. ஆரும் மனுப்போடவும் தேவல்ல.

அக்கா 2020ல போட்ட கிழக்கு மாகாண தொல்பொருள் செயலணியச் சொன்னா, முதல்ல அதில ஒரு தமிழரும் இல்ல ஒரு முஸ்லிமும் இல்ல எண்டு. உண்மை, எனக்கும் வயிறெரிஞ்சது. ஆனா அது கதிரையில ஆர் இருக்கிறது எண்ட சண்டை, நம்மட ஆக்களையும் இருத்துங்க எண்டு கேப்பம், அதுக்காக கதிரையையே தூக்கி ஆத்துக்குள்ள போடச் சொல்லுவமா?

சரி, சனத்துட கையில விட்டா என்ன நடக்கும்? எங்கட பக்கத்தில ஒரு பழைய கோயில், பேர் வேணாம், வண்ணக்கர், அதான் கோயில் நிர்வாகத்தப் பாக்கிறவர், எனக்கு மாமா முறை. கும்பாபிஷேகத்துக்கு முதல் மூணு கல்லுத்தூணப் புடுங்கிட்டு கொங்கிறீட் தூண் வெச்சி, டைல்ஸ் ஒட்டி, எனாமல் பெயின்டும் அடிச்சாங்க. ஏன் மாமா எண்டு கேட்டா, "சாமிக்குப் புதுசாச் செய்றம், நீ என்ன தம்பி பழசக் கட்டிப்புடிச்சிக்கிட்டு" எண்டு என்னையே ஏசினார். பக்திக்கு ஒரு குறையும் இல்ல, ஊரே காசு சேத்துத்தான் செஞ்சது. அந்தத் தூண்ல ஒண்டு இப்ப மாமா வீட்டுக் கிணத்தடியில உடுப்புத் தோய்க்கிற கல்லாக் கிடக்கு, மத்த ரெண்டும் எங்க போச்செண்டு எதிரணி அக்கா எழும்பிச் சொல்லட்டும், நான் இருக்கிறன்.